கோதுமை வயலும் கேக் கரண்டியும்

"அந்த மண்வெட்டியத் தூக்கிக்கிட்டு முதல்ல என் வயல விட்டு வெளிய வாங்க!"

மிஸஸ் ரட்கினின் குரல் வேலியைத் தாண்டி வந்தபோது கிளமென்ட் டாப்னி முழங்கால் ஆழக் குழிக்குள் நின்றிருந்தார். சுற்றிலும் இப்போதுதான் முளைத்த கோதுமை.

"நீங்கதானேம்மா தேடிக்கச் சொன்னீங்க?"

"தேடிக்கத்தான் சொன்னேன். நீச்சல்குளம் கட்டவா சொன்னேன்? நாளையிலேர்ந்து உள்ளங்கைக்குள்ள அடங்குற சாமானோட வாங்க. இல்லாட்டி வராதீங்க."

கிளமென்ட் நடுங்கிப்போனார். டோஸ்டரிலிருந்து ரொட்டி துள்ளினாலே நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறவர் அவர். இருபத்தாறு வருடம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியும் ஒருநாள்கூட மூன்றாவது கியரைத் தாண்டியதில்லை.

ஆனால் மிஸஸ் ரட்கினைவிடப் பெரிய பயம் ஒன்று ஸ்கெக்னஸ் ஊரில், தன் தங்கை வீட்டில் தங்கியிருந்தது. மனைவி கிளெண்டா. சனிக்கிழமை திரும்பி வருகிறாள். ஞாயிறன்று அவர்களுடைய முப்பதாவது திருமண நாள். பாதிரியார் இருவர் மோதிரத்தையும் கழற்றி வாங்கி, ஜெபித்து, மறுபடி மாட்டிவிடப் போகிறார். கிளமென்ட்டின் விரலில் மோதிரம் இருந்த இடத்தில் இப்போது ஒரு வெள்ளைத் தடம்தான் இருந்தது.

போன வாரம் நாய் இந்த வயலுக்குள் ஓடியது. குளிரில் விரல் சுருங்கியிருந்தது. கோட்டுப் பையில் கையை விடுவதும் எடுப்பதுமாக நாயைத் துரத்திப் பிடித்து வீட்டுக்கு வந்து பார்த்தால், விரல் காலி.

மெட்டல் டிடெக்டரை இரவல் கொடுத்த டெஸ்மண்ட், ஊர்ப் புதையல் தேடிகள் சங்கத்தின் தலைவன். கருவிக் கடையும் அவனுடையதுதான்.

"முளைவிட்ட கோதுமைக்கு மண்வெட்டியா? நல்லவேளை, அந்தம்மா உன்னைப் புதைக்கல," என்று சொல்லி, ஒரு பக்கம் ரம்பப் பல் வைத்த, மண் கிளறும் சின்ன எஃகுக் கரணையை எடுத்துக் கொடுத்தான். "முட்டி போட்டுக்க. மூணு பக்கம் கீறி, மண்ண மூடி மாதிரித் திற. பாத்துட்டு அப்படியே மூடிடு. ஒண்ணு ஞாபகம் வச்சுக்க. இதுவும் இரும்புதான். பக்கத்துல வச்சா மெஷின் இதுக்கே கத்தும். தள்ளி வை."

வெள்ளிக்கிழமை கிளமென்ட் கரணையைப் பத்தடி தள்ளி வைத்துவிட்டு, நீளக் கோட்டோடு மண்ணில் முட்டி போட்டார். டிடெக்டரின் வட்டத்தைத் தரையோடு தரையாக நகர்த்தினார்.

பீப்!

ஆசையாகத் தோண்டினார். ஒன்றுமில்லை. இரண்டடி நகர்ந்து முட்டி போட்டார். பீப்! அங்கேயும் ஒன்றுமில்லை. இன்னும் இரண்டடி, அப்புறமும் இரண்டிரண்டடியாகப் பத்துத் தடவை. பீப்! எழுந்து நின்றால் சத்தம் இல்லை. முட்டி போட்டால் சத்தம். டெஸ்மண்டைப் போனில் கூப்பிட்டார்.

"எவ்வளவு நீளத்துக்குக் கத்துது?"

"இருபதடி இருக்கும்ப்பா."



"கிளெம், உன் விரல் என்ன அவ்வளவு பெருசா? இது வேற எதுவோ. அந்த வேலிக்கு அந்தாண்ட என்ன இருக்கு?"

"போர்க்காலத்து விமானதளம்... ஐயோ, குண்டா?"

"நான் அந்த வார்த்தையச் சொல்லல. நீதான் சொன்ன. இனிமே எஃகால தோண்டாத. ராணுவத்தக் கூப்பிடு."

கிளமென்ட் புதினா மிட்டாய்க்காகக் கோட்டுப் பைக்குள் கையை விட்டார். விரல் பைத்துணியின் ஓட்டை வழியாக அந்தப்பக்கம் போய்விட்டது. மிட்டாய் இல்லை. அழுகைதான் வந்தது. ராணுவம் வந்தால் வயலைப் பூட்டிவிடும். ஞாயிறு போய்விடும். மோதிரமும் போய்விடும். கிளெண்டாவும் போய்விட்டால்?

சனிக்கிழமை காலை, வீட்டிலேயே ஆபத்தில்லாத கருவியைத் தேடி எடுத்தார். கிளெண்டா கேக் மாவு கலக்கும் மரக்கரண்டி. இரும்பு இல்லை, பொறி பறக்காது. உடல் பாரம் ஒரே இடத்தில் அழுத்தக் கூடாதென்று வயலில் குப்புறப் படுத்தே ஊர்ந்தார். டிடெக்டரின் வட்டம் முழங்காலோரம் உரச அதை இழுத்துக்கொண்டு, கரண்டியால் ஒரு சிட்டிகை மண்ணை விலக்கினார்.

டிடெக்டர் வீறிட்டு அலறியது.

மெல்ல உடம்பைத் தூக்கினார். சத்தம் குறைந்தது. இறக்கினார். கூடியது. குண்டு அவருடைய எடையைக் கவனித்துக்கொண்டிருக்கிறது! எழுந்தால் வெடிக்கும்.

படுத்தபடியே ஒற்றை விரலால் போலீஸுக்குப் போன் அடித்தார்.

இரண்டு மணிக்குள் ஊரே காலியாகிவிட்டது. மஞ்சள் நாடாவுக்கு அந்தப்பக்கம் மிஸஸ் ரட்கின், "மண்வெட்டியே தேவலாம்னு இருக்கு இப்போ!" என்று புலம்பினாள். அவள் பக்கத்தில் பெட்டியோடு வந்து நின்றது, கிளெண்டா.

"கிளெம்! கையில என்ன அது? என் கேக் கரண்டியா?"

அவருக்கு இனி மறைக்கத் தெம்பில்லை. மண்ணில் கன்னத்தை வைத்தபடியே கத்தினார்.

"மோதிரத்தத் தொலைச்சுட்டேன் கிளெண்டா! நீ திட்டுவியேன்னு பயந்துதான் இவ்வளவும்! பாதிரியார்கிட்ட... நான் உன்ன ரொம்ப நேசிச்சேன்னு சொல்லிடு!"

கிளெண்டா நாடாவைத் தாண்டப் பார்த்தாள். இரண்டு போலீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

"மோதிரம் கெடக்கட்டும், பைத்தியக்கார மனுஷா! நீ முழுசா எந்திரிச்சு வா. அது போதும் எனக்கு!" அவள் குரல் உடைந்தது. கிளமென்ட்டுக்கும் கண் நிறைந்தது. முப்பது வருடத்தில் அவள் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. இதைக் கேட்டுவிட்டுச் செத்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது. அடுத்த நொடியே, செத்தால் பரவாயில்லையா என்று பயமாகவும் இருந்தது.

ராணுவத்திலிருந்து வந்த இளம்பெண் தவழ்ந்து அவரருகே வந்தாள். "அசையாதீங்க சார். மூச்சு மட்டும் விடலாம்." தன் கருவியை அவரைச் சுற்றி அங்குலம் அங்குலமாக நகர்த்தினாள். வயிற்றோரம் அலறல். முழங்காலோரம் பெரிய அலறல். கிளமென்ட் கண்ணை இறுக மூடினார்.

அவள் இரண்டு விரலால் அவருடைய கோட்டின் நுனியைத் தூக்கி அப்பால் போட்டாள். அலறல் பட்டென்று நின்றது. கோட்டின் விளிம்பை விரலால் நெருடிப் பார்த்தாள்.

"மண்ணுக்குள்ள ஒண்ணுமே இல்ல சார். உங்க கோட்டோட அடித் தையலுக்குள்ள வட்டமா ஏதோ ஒண்ணு உருளுதே, என்ன அது?"