வைக்கோல் வீட்டில் எலிச் சோதனை

படிவத்தில் ‘சுவர்’ என்ற வரிக்குப் பக்கத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன. செங்கல், கான்கிரீட், மற்றவை. மதிவாணன் மூன்றாவதில் டிக் அடித்தார். வினை அங்கேதான் பிடித்தது.

“மற்றவைன்னா என்னங்க?” என்று கேட்டார் வங்கியின் கடன் அதிகாரி கருணாகரன்.

“வைக்கோல் சார்.”

“கூரைக்கா?”

“கூரை ஓடுதான் சார். சுவருதான் வைக்கோலு. மிஷின்ல இறுக்கி அடிச்ச கட்டுங்கள செங்கல் மாதிரி அடுக்கி, ரெண்டு பக்கமும் மண்ணு, சுண்ணாம்பு பூசிடுவோம். ஒன்றரை அடி கனம். எப்பேர்ப்பட்ட வெயிலும் உள்ள வராது.”

கருணாகரன் பேனாவை மூடி வைத்தார். “இன்சூரன்ஸ் எடுத்துகினு வாங்க. அது இல்லாம கடன் கிடையாது.”

இன்சூரன்ஸ் சர்வேயர் வெங்கடேஷிடம் போனால் அவர் வேறு ராகம் பாடினார். “பேங்க் ஒத்துக்கிட்ட வீட்டுக்குத்தான் சார் நாங்க பாலிசி போடுவோம்.”

இப்படி இருவருக்கும் நடுவே பந்தாக உருண்டதில் பிப்ரவரி போயிற்று, மார்ச்சும் போயிற்று. மதிவாணனுக்கோ அவசரம். ஜூன் முப்பதாம் தேதியோடு சுரங்க வேலையில் ஓய்வு. அன்றோடு குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். சம்பளச் சீட்டும் நின்றுவிடும். சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு வீட்டுக் கடன் யார் கொடுப்பார்கள்? அதற்குள் கடன் கைக்கு வராவிட்டால் கனவு அம்பேல்தான்.

கனவு என்றால் நிஜமாகவே கனவு. முப்பத்து மூன்று வருஷம் ஷிப்ட் பார்த்த உடம்பு அது. நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் வந்து படுத்தால், வெயில் மேல்தளத்தைக் காய்ச்சி எடுக்கும். ஃபேன் அந்த அனலை அள்ளி அள்ளி மேலே கொட்டும். ஒரு பகலாவது அவர் முழுசாகத் தூங்கியதில்லை. ஜெனரல் ஷிப்ட் அதிகாரிகளைப் பார்த்தால் அவருக்குப் பொறாமையாக இருக்கும். பகலில் தூங்க வேண்டிய தலையெழுத்தே அவர்களுக்கு இல்லையே.

போன வருஷம் மே மாதம் சேத்தியாத்தோப்பில் மச்சான் களத்துக்குப் போயிருந்தபோது, அடுக்கி வைத்திருந்த வைக்கோல் கட்டுகளுக்கு நடுவே சும்மா சாய்ந்தார். பொழுது சாயத்தான் எழுந்தார். தூக்கத்தில் வெள்ளாறு இரு கரையும் தொட்டு ஓடியது. சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத இயந்திரம் அதில் இறங்கி, யானை மாதிரி நிதானமாகக் குளித்துக்கொண்டிருந்தது. கண் விழித்ததும் முடிவு பண்ணிவிட்டார், கட்டினால் இதில்தான் வீடு.

“மாடு திங்கறத சுவரா வச்சா, ஒரு நாளு மாடு வந்து வூட்டயே மேஞ்சிட்டுப் போயிடும்” என்றாள் பெரியநாயகி. சொன்னாளே தவிர, மண் குழைக்கப் புருஷனுக்கு முன்னால் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றவளும் அவள்தான்.

கடைசியில் கருணாகரன்தான் ஒரு வழி சொன்னார். “ஒரே ஒரு ரூம் கட்டிக் காட்டுங்க. நாங்க ரெண்டு பேரும் சேந்தே வந்து பாத்துடறோம்.”

டவுன்ஷிப்புக்கு வெளியே முந்திரி மரங்களுக்கு நடுவே இருந்த மனையில் அறை எழும்பிற்று. ஏப்ரல் கடைசியில், சாப்பாட்டு வேளை தாண்டி, வங்கியின் வாடகைக் கார் வந்து நின்றது. டிரைவர் சின்னதுரை மரத்தடியில் ஒதுங்கிக்கொண்டார். அதிகாரிகள் இருவரும் உள்ளே போனார்கள். வியர்வையைத் துடைக்க எடுத்த கைக்குட்டையைத் துடைக்காமலே மடித்து வைத்தார் வெங்கடேஷ்.

மதிவாணன் சுவரில் கேஸ் பர்னரைக் காட்டினார். அரை மணி நேரத்தில் பூச்சு கறுத்தது, அவ்வளவுதான்.

“நெருப்பு சரி. ஈரம்?” என்றார் வெங்கடேஷ். “உச்சி வெயில்ல கதவ சாத்திகினு உள்ள இருந்து பாத்தாதான் தெரியும். அடுத்த வாரம் வரோம். ஒக்கார ஏதாச்சும் போடுங்க.”

மதிவாணன் குவார்ட்டர்ஸிலிருந்து கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவந்து போட்டார். அடுத்த வாரம் இரண்டு மணி நேரம் ஈரம் பார்த்தார்கள்.

“ஈரம் இல்ல. காத்தோட்டம்தான் பத்தல” என்றார் கருணாகரன். மதிவாணன் கிழக்கே ஜன்னல் வைத்தார். கடல் காற்று நேராக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. அடுத்த தடவை மூன்று மணி நேரம் காற்றோட்டம் பார்த்தார்கள்.

“இனிமே எலி ஒண்ணுதான் பாக்கி” என்றார் வெங்கடேஷ், கண்ணைக் கசக்கிக்கொண்டே. “வைக்கோலுன்னா எலி வருங்க. சத்தமில்லாம காத்திருந்துதான் கண்டுபிடிக்கணும். நாங்க உள்ள இருக்கும்போது நீங்க தூரமா போயிடுங்க. அப்புறம், இன்னொரு கட்டில் கெடைக்குமா?”

இன்னொரு கட்டில் வந்தது. பானையில் தண்ணீரும் வந்தது. அடுத்த தடவை முந்திரி மரத்தடியில் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் மதிவாணன். அரை மணி கழித்து அறைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் கேட்டது. கர்... கர்...

மதிவாணன் பக்கத்தில் இருந்த மனைவியின் தோளைத் தொட்டார். “எலி கரண்டுது பெரியநாயகி.”

அவள் காதைத் தீட்டிக் கேட்டாள். “ரெண்டு எலி போல. ஒண்ணு நிறுத்துனா ஒண்ணு ஆரம்பிக்குது. ஆனா இந்தச் சத்தத்த நான் எங்கியோ கேட்டிருக்கங்க.”

சாயங்காலம் வெளியே வந்த கருணாகரன் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. “சந்தேகமாத்தான் இருக்கு. இன்னும் நாலஞ்சு தடவ பாக்கணும்” என்றார்.

மதிவாணன் சுவர் அடியில் சுற்றிலும் இரும்பு வலை அடித்தார். சத்தம் நிற்கவில்லை. பொறி வைத்தார். சத்தம் கூடிற்று. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து ஒரு கடுவன் பூனையைக் கூட்டிவந்து உள்ளே விட்டார். அது இரண்டு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, கருணாகரன் காலடியில் சுருண்டு படுத்துக்கொண்டது.

ஜூன் இருபத்தெட்டு வந்துவிட்டது. குவார்ட்டர்ஸில் பாதிச் சாமான்கள் மூட்டையாகிவிட்டன. உள்ளே எலிச் சோதனை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. கர்... கர்...

மதிவாணன் மரத்தடியில் சின்னதுரை பக்கத்தில் போய்த் தொப்பென்று உட்கார்ந்தார். “அவ்வளவுதான் தம்பி. இன்னும் ரெண்டே நாளு. ஒரு பகலாவது அதுல படுத்துத் தூங்கணும்னு ஆசப்பட்டேன். இந்த எலிங்க என் வூட்டக் கவுத்துடுச்சு.”

சின்னதுரை அறையை ஒரு தடவை பார்த்தார், மதிவாணனை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் மனசு கேட்காமல், குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“அது எலி இல்லண்ணே, குறட்டை. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்ட பேப்பரு ஒரு மாசமா என் கார் டேஷ்போர்டுலதான் கெடக்கு. மொதல்ல அந்தக் கட்டிலுங்கள வெளிய தூக்கிப் போடுங்க, இன்னைக்கே உங்க கைக்கு வந்துடும்.”