ரெய்னோவின் பின்னிருக்கை

இந்த வருஷம் புதுப் படகு வாங்கியே தீருவது என்று ரெய்னோ லாம்மி சபதம் எடுத்தார். சபதம் எடுத்த இடம் வீட்டுக்குப் பின்னால், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில். தொட்டியைத் தூக்கியபோது, சில மாதமாகவே மக்கர் பண்ணிக்கொண்டிருந்த வலது தோளில் 'களுக்' என்று ஒரு சத்தம். கண்ணுக்குள் பூச்சி பறந்தது. வலி அப்புறம், முதல் வேலையாகச் சமையலறை ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். திரைச்சீலை மூடியிருந்தது. அப்பாடா!

தோள் போனால் போகட்டும். போன விஷயம் பெண்டாட்டி ஐலிக்குத் தெரிந்தால் ராஜ்யமே போய்விடும்.

ராஜ்யம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு படகின் பின்னிருக்கை, அவ்வளவுதான். மினசோட்டாவின் வடகோடியில், கனடாவைத் தொட்டுக்கொண்டிருக்கிற அந்த ஏரிக்காட்டில், பனிக்கட்டி உருகியதும் புருஷனும் பெண்டாட்டியும் துடுப்புப் படகில் ஒரு வாரம் கிளம்பிவிடுவார்கள். முன்னால் உட்காருகிறவருக்கு ஒரே வேலை, துடுப்பை வலிப்பது. பின்னால் உட்காருகிறவர்தான் படகைத் திருப்புவார். எந்தத் தீவில் கூடாரம் போடுவது, எங்கே தூண்டில் போடுவது, எப்போது காப்பி குடிப்பது, எல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம்.

வருஷத்தின் மற்ற நாட்களில் ரெய்னோவுக்கு அந்த மாதிரிச் சௌகரியம் எதுவும் கிடையாது. வீட்டில் சகலமும் ஐலி. காரை ஓட்டுவதும் ஐலி. சும்மாவா, ஊர்ப் பள்ளிக்கூடத்து பஸ்ஸை ஓட்டுகிறவளே அவள்தான். பனிப்புயலிலும் நேரம் தவறாது. "பஸ் ஓடும்போது யாரும் திரும்பி உக்காரக் கூடாது!" என்று அவள் ஒரு அதட்டல் போட்டால், பஸ்ஸில் இருக்கிற வாண்டுகள் மட்டுமல்ல, தெருவில் போகிற ரெய்னோவும் விறைப்பாகிவிடுவார்.

கல்யாணமான புதிதில் ஒரு தடவை, "நான் பின்னாடி உக்காரட்டுமா?" என்று ஐலி கேட்டிருந்தாள். ரெய்னோ அங்கேயே ஒரு சட்டம் இயற்றினார். ஒரு ஏரி முடிந்து அடுத்த ஏரி வரும்வரை நடுவில் காட்டுப்பாதை. கல்லும் வேரும் சேறும் கொசுவுமாக இருக்கும். அந்தப் பாதையில் படகைத் தலைக்கு மேல் கவிழ்த்துத் தோளில் வைத்து எவர் சுமக்கிறாரோ, அவருக்கே பின்னிருக்கை. மூட்டையைச் சுமக்கிறவர் முன்னிருக்கை. ஐலி அந்த அலுமினியப் படகைத் தூக்கிப் பார்த்தாள். படகு அசையவில்லை. "சரி, சட்டம்னா சட்டம்தான்" என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அப்புறம் அவள் கேட்கவே இல்லை. அவள் மறந்துவிட்டாள் என்று ரெய்னோ நினைத்தார். ஐலி எதை மறந்திருக்கிறாள்?

அலுமினியப் படகை இனி இந்தத் தோள் தாங்காது. தாங்குகிற படகை வாங்க வேண்டும், அதுவும் தோளைப் பற்றி மூச்சுவிடாமல் வாங்க வேண்டும். ரெய்னோ நேராகப் படகுக்கடை ரூடியிடம் ஓடினார். ரூடி அடுத்த வீட்டுக்காரன், மீன்பிடித் தோழன், வாயில் எதுவும் தங்காதவன் என்பது ரெய்னோவின் கணிப்பு.

கடைக்குள் நுழைந்ததும் ரெய்னோவுக்குத் தலைகால் புரியவில்லை. உத்தரத்திலிருந்து தேன் நிறத்தில் ஒரு படகு தொங்கியது. வெளிச்சம் ஊடுருவுகிற அளவுக்கு மெல்லிய உடம்பு.

"கெவ்லார்டா" என்றான் ரூடி. "குண்டு துளைக்காத சட்டை தைக்கிறாங்களே, அதே நூல். உன் பழைய தகர டப்பால பாதி கனம்கூட இல்ல."

"எறக்குடா, எறக்குடா! தோள்ல வச்சுப் பாக்கறேன்!"

"இரு, அவசரப்படாத. தோள் மெத்தை இன்னும் மாட்டல. வாங்கறவங்க தோளை அளந்துதான் திருகணும். அளவு தப்பினா கழுத்தை நெரிச்சிடும்."

"என் தோள் உனக்குத் தெரியாதா?"

"தெரியும், தெரியும்." ரூடி எதற்கோ சிரித்தான். "ஐலிகிட்ட கேட்டியா?"

"கேக்கறதா? நான் முடிவு பண்ணியாச்சு. சொல்லணும், அவ்வளவுதான்."

"எப்படிச் சொல்லப் போற?"

"சவுனால."

அந்த வீட்டில் பெரிய பேச்சுவார்த்தை எல்லாம் சனிக்கிழமை சவுனாவில்தான். சவுனா என்றால், சுட்ட கல்மேல் தண்ணீர் ஊற்றி நீராவி எழுப்பி வேர்க்கிற குளியலறை. நீராவியில் இருவரும் பலகைமேல் உட்கார்ந்து பேசுவார்கள். எவர் முதலில் எழுந்து வெளியே ஓடுகிறாரோ அவர் கட்சி தோற்றதாகக் கணக்கு. தண்ணீர்க் கரண்டி எப்போதும் ஐலி கையில்தான் இருக்கும். இதை ரெய்னோ இதுவரை ஒரு அநியாயமாக யோசித்ததே இல்லை.

"ஐலி, உன்னை நெனச்சா எனக்குப் பாவமா இருக்கு" என்று ஆரம்பித்தார்.

"ஏன், நான் என்ன பண்ணினேன்?" சூடான கல்மேல் ஒரு கரண்டி தண்ணீர். சொய்ங்!

"ஏரிக்கரையில இரும்பு வாணலில மீன் வறுக்கணும்னு எத்தனை வருஷமா ஆசைப்படற! கனம் கனம்னு நான்தான் விடல. பல் தேய்க்கிற பிரஷ்ஷைக்கூட ஒடிச்சுப் பாதியாக்கினவன் நான். பாவி!"

"ஒடிச்சது என் பிரஷ்ஷைத்தான். உன்னோடது முழுசா இருந்துச்சு."

"அதை விடு. இப்ப ரூடி கடைல ஒரு படகு வந்திருக்கு. படகு லேசாச்சுன்னா, மூட்டை கனமாகலாம் இல்லையா? எல்லாம் உனக்காகத்தான்."

"வேண்டாம் ரெய்னோ, வெலை கொள்ளையா இருக்கும். பழசு நல்லாத்தானே இருக்கு?" சொய்ங்!

ரெய்னோவுக்கு வேர்த்துக் கொட்டியது. ஆனால் அவள் மறுக்க மறுக்க அவருக்கு வேகம் ஏறியது. "நீ தொட்டுப் பாத்ததில்ல, அதான் இப்படிப் பேசற. பஞ்சு, ஐலி, பஞ்சு!"

"நீ பஞ்சுன்னு சொல்லுவ. உன் தோள் இரும்பு. உனக்கு எதுதான் கனம்?"

இரும்பு என்றதும் அவருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. தோள் உள்ளுக்குள் முனகியது. "என்னை விடு. நீயே தூக்கலாம்!"

"நானா? போய்யா, கிண்டல் பண்ணாத."

"சத்தியமா! ஒத்த ஆளா நீ தூக்கிட்டு நடக்கலாம்!"

"எனக்கு நம்பிக்கை இல்ல. ரூடி முன்னாடி நான் தூக்கிப் பாத்தாத்தான் நம்புவேன்." இரண்டு கரண்டி. சொய்ய்ங்!

"தூக்கு! நாளைக்கே தூக்கு!" என்று கத்திக்கொண்டே ரெய்னோ வெளியே ஓடினார். உடம்பு வெந்துபோயிருந்தாலும் மனசு துள்ளியது. பேச்சுவார்த்தையில் முதலில் ஓடியது யார் என்பதை அவர் கவனிக்கவில்லை.

மறுநாள் கடையில் படகு தரையில் தயாராக இருந்தது. தோள் மெத்தையும் மாட்டியிருந்தது. ஐலி அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"ஐயோ, எனக்கு எப்படித் தூக்கறதுன்னே தெரியாதே."

"தொடைமேல ஏத்து! அப்படித்தான்! இப்ப ஒரு சுழட்டு! சுழட்டு!" ரெய்னோ குதித்தார். ஐலி தடுமாறி, தத்தளித்து, எப்படியோ தலைக்கு மேல் கவிழ்த்து இரண்டடி நடந்தாள்.

"பாத்தியா! ரூடி, பாத்துக்கோ, நீ சாட்சி! என் பெண்டாட்டி படகு தூக்கறா!"

"சாட்சிதான்" என்றான் ரூடி, மிகவும் பணிவாக.

"அட, ஆமா. லேசாத்தான் இருக்கு" என்று ஐலி ஒப்புக்கொண்டாள். "சரி, நீ சொன்னா வாங்கிக்கலாம்."

நீ சொன்னா! கல்யாண நாளிலிருந்து அந்தக் காது கேட்டிராத வார்த்தை. ரெய்னோ மிதந்துகொண்டே வீட்டுக்கு வந்தார்.

மூட்டை கட்டுகிற அன்றும் அவருடைய தாராளம் கரைபுரண்டது. மூட்டை என்பது முதுகில் மாட்டுகிற பெரிய கித்தான் பை. ஐலி ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினாள்.

"இரும்பு வாணலி?"

"போடு, போடு!"

"உருளைக்கிழங்கு?"

"ஒரு பையா? ரெண்டு பை போடு!"

"மடக்கு நாற்காலி வேண்டாம், இல்ல?"

"ஏன் வேண்டாம்? உன் முதுகு என்ன பாவம் பண்ணுச்சு?"

பெரிய காப்பிக் கெட்டில், ஏலக்காய் ரொட்டி நாலைந்து, ஒரு முழுத் தர்ப்பூசணி, எல்லாவற்றுக்கும் மகாராஜா அனுமதி தந்தார். சுமக்கப்போவது மூட்டைக்காரி. பை புடைத்துப் பன்றிக்குட்டி மாதிரி உட்கார்ந்திருந்தது. ஐலியைப் பார்க்க அவருக்கு உண்மையிலேயே கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

கிளம்பிய காலையில் ஏரி கண்ணாடியாகக் கிடந்தது. பின்னிருக்கையில் ரெய்னோ. புதுப்படகு தண்ணீரில் ஓடவில்லை, வழுக்கியது. அவருக்குக் கூவ வேண்டும் போல இருந்தது, கூவியும் விட்டார். தூரத்தில் ஒரு நீர்ப்பறவை பதிலுக்குக் கூவியது. வலது தோள் வலித்தது. வலித்தால் என்ன? இன்னும் பத்து வருஷம் இந்த இருக்கை அவருடையது!

முதல் காட்டுப்பாதை வந்தது. மூட்டையை இறக்கிக் கரையில் வைத்துவிட்டு, அவர் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, கையைத் தேய்த்துக்கொண்டு திரும்பினார்.

படகைக் காணோம்.

அது ஐலியின் தலைமேல் இருந்தது. தடுமாற்றம் இல்லை, தத்தளிப்பு இல்லை. ஒரே சுழட்டில் ஏற்றியிருந்தாள்.

"ஏய், ஏய்! அது என் வேலை!"

"பஞ்சுன்னியே" என்றது படகுக்குள்ளிருந்து குரல்.

"விளையாடாத ஐலி, கீழ வை. நான் தூக்கறேன்!"

ஐலி மறுப்பேதும் சொல்லாமல் இறக்கி வைத்தாள். ரெய்னோ பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார். தோளில் உட்கார வேண்டிய மெத்தைகள் இரண்டு பக்கமும் அவர் கழுத்தைப் பிடித்தன. நாக்கு வெளியே வந்துவிட்டது. படக்கென்று இறக்கினார்.

"அந்த ரூடிப் பயல் மெத்தையைத் தப்பா மாட்டிட்டான்!"

"தப்பா மாட்டலையே. என் தோளை அளந்துதான் மாட்டினான்."

"உன் தோளையா? எப்ப?"

"ஏரி ஒறஞ்சு கெடந்தப்பவே. குளிர்காலம் முழுக்க அவன் கடைக்குள்ள இதைத் தூக்கிட்டு நடந்து பழகியிருக்கேன். உனக்குச் சந்தேகம் வராம இருக்க மெத்தையைக் கழட்டி வச்சிருந்தான்."

ரெய்னோ கழுத்தைத் தடவிக்கொண்டார். "அப்ப... வேண்டாம் வேண்டாம்னியே?"

"வேணும்னு சொல்லியிருந்தா நீ வாங்கியிருப்பியா?"

"என் தோளுக்கு ஒண்ணுமில்ல!" என்றார் அவர், யாரும் கேட்காமலே.

ஐலி அவரைப் பார்த்தாள். பார்வையில் இப்போது கேலி இல்லை. "போன இலையுதிர் காலத்துலேருந்து நீ சட்டை போடற லட்சணத்தைப் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். குப்பைத் தொட்டி அன்னிக்குத் திரைக்குப் பின்னாடி நின்னு வாயைப் பொத்திக்கிட்டேன். உன்னை வீட்டுல விட்டுட்டு நான் மட்டும் வர முடியுமா? நீ இல்லாம எனக்கு ஏரி எதுக்கு?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து அவருடைய கண், பன்றிக்குட்டி மாதிரி உட்கார்ந்திருந்த மூட்டைமேல் விழுந்தது. துடைத்த கண் உடனே விரிந்தது.

"அந்த வாணலியை யாரு சுமக்கறது?"

"சட்டம் யாரு போட்டது?" ஐலி பையிலிருந்து ஒரு அகலமான தோல் பட்டையை உருவினாள். "உன் தோள்ல பாரமே விழாது. நெத்தியில மாட்டிக்கிற மாதிரி இந்தப் பட்டையை நானே தச்சேன். தோள் பழசாயிடுச்சு ரெய்னோ. தலை அப்படியே புதுசாத்தானே இருக்கு, நீ அதை உபயோகிக்கவே இல்லையே."

ரெய்னோ நெற்றியில் பட்டையும், முதுகில் வாணலியும், இரண்டு பை உருளைக்கிழங்கும், நாற்காலியும், முழுத் தர்ப்பூசணியுமாகக் குனிந்து நடந்தார். கொசு கடித்த இடத்தைச் சொறியக்கூட வழியில்லை. முன்னால் ஒரு தேன் நிறப் படகு ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு மேட்டில் ஏறிப் போயிற்று.

அடுத்த ஏரிக்கரையில் அவர் மூட்டையைப் படகில் இறக்கிவிட்டு முன்னிருக்கையில் ஏறினார். பின்னால் ஐலி. அவள் ஒரு தள்ளு தள்ளியதும் படகு பாறைகளுக்கு நடுவே வளைந்து வெளியே வந்தது, ஒரு உரசல் இல்லாமல். பிரமாதமாகத்தான் ஓட்டினாள். அவர் ஓட்டியதைவிட நன்றாகவே ஓட்டினாள் என்பதுதான் பொறுக்கவில்லை. ஒரு யோசனையாவது சொல்லிவைப்போம் என்று ரெய்னோ மெல்லத் தலையைத் திருப்பினார்.

"பஸ் ஓடும்போது யாரும் திரும்பி உக்காரக் கூடாது!"