தேதிக்கு வைத்த பொட்டு

எங்கள் குடும்பத்தில் வாஷிங் மெஷின் வாங்குவதென்றாலும் வாட்டர் ஹீட்டர் வாங்குவதென்றாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். கேமரா பற்றி மட்டும் என் காதுபட யாரும் பேசுவதில்லை. தப்பித் தவறி யாராவது ஆரம்பித்தாலும், "புவனாவைக் கேளேன், தேதியோட வாங்கித் தருவா" என்று இன்னொருவர் முடித்து வைத்துவிடுவார். எல்லாம் 2008-ல் நடந்த என் அக்கா சுமதியின் வளைகாப்பால் வந்த வினை.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. சிறுசேரியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டர் வேலை. மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடிக்க வேண்டும். தேதி கேட்கும் கட்டத்தில் பிப்ரவரி முப்பது என்று போட்டுப் பார்ப்பேன். அது பேசாமல் ஏற்றுக்கொண்டால், எழுதியவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவேன். (இந்த விவரத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் அக்கா இன்னும் வைத்திருக்கிறாள்.)

அந்த வருட போனஸில் ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா வாங்குவது என்று முடிவு செய்தேன். விசேஷத்துக்கு மட்டும் பீரோவிலிருந்து இறங்கும் கேமரா இல்லை. தினமும் கைப்பையில் போட்டுக்கொண்டு போய், தோன்றிய இடத்தில் எடுத்து நீட்டும் கேமரா. விலையும் கையைக் கடிக்கக் கூடாது. மதிய இடைவேளைகளையெல்லாம் இணையத்தில் இதைப் பற்றிப் படிப்பதிலேயே கழித்தேன். மெகாபிக்சல் அதிகம் இருந்துவிட்டால் மட்டும் படம் நன்றாக வராது, டிஜிட்டல் ஜூம் ஏமாற்று வேலை, ஆப்டிகல் ஜூம்தான் நிஜம் என்றெல்லாம் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டதோடு விட்டேனா? ஆபீஸ் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தேன். பெருங்களத்தூரில் ஏறும் ஒரு பெண் சில நாட்களில் வேறு சீட் பார்த்துக்கொண்டாள்.

கடைசியில் தாம்பரம் மேற்கில் ஒரு கடைக்குப் போனேன். அங்கே இருந்தவர் ஒவ்வொன்றாக எடுத்து மேஜை மேல் பரப்பினார். என் பரீட்சையில் இரண்டுதான் தேறின. ஒன்று சார்ஜ் போடும் பேட்டரி உள்ளது, ஒல்லியாக அழகாக இருந்தது. இன்னொன்று இரண்டு பென்சில் செல் போடுவது, கொஞ்சம் குண்டு.

"இதுல எதுங்க நல்லது?"

"ரெண்டுமே நல்லா போவுது மேடம்."

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. தினமும் எடுத்துக்கொண்டு போகிற கேமராவுக்கு நடுவழியில் சார்ஜ் தீர்ந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டி பிளக் கேட்பது? பென்சில் செல் என்றால் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். விலையும் குறைவு. போதாக்குறைக்குப் படத்தின் மூலையில் தேதி வேறு விழும். குண்டையே வாங்கிக்கொண்டு வந்தேன்.

"தேதி எதுக்கும்மா?" என்று அப்பா கேட்டார்.

"நாளைக்கு யாராவது எப்ப எடுத்ததுன்னு கேட்டா ஆதாரம் வேணாமாப்பா?" என்றேன். (நாக்கில் சனி எப்படியெல்லாம் வந்து உட்காருகிறது பாருங்கள்.)

அக்காவுக்கு அதற்கு முந்தைய வருடம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. புகுந்த வீடு குன்றத்தூர். முன்பு விவசாயம் பார்த்த குடும்பம், இப்போது மெயின் ரோட்டில் கடைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஊரில் பாதிப் பேர் சொந்தம். வளைகாப்புக்கு ஸ்டுடியோக்காரரைச் சொல்லிவிடலாம் என்று அக்காவின் மாமியார் சொன்னபோது, தடுத்தது நான்தான்.

"எதுக்கு அத்தை வீண் செலவு? என் கேமரா இருக்கு. நானே எடுத்து, பிரிண்ட் போட்டு, ஆல்பமாவே குடுத்துடறேன்."

"நல்லா வருமாம்மா? ஊரே வருது."

"ஸ்டுடியோவை விட நல்லா வரும் அத்தை."

அக்கா என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள். "புவனா, இது என் மாமியார் வீடு. இங்க ஒரு சின்ன விஷயம் தப்பாப் போனாலும் வருஷக்கணக்கா சொல்லிக் காட்டுவாங்க. நீ போயிடுவே. இருந்து கேட்டுக்கப் போறது நான். சொதப்பிடாதே."

"என்னைப் பத்தித் தெரியாதாக்கா?"

"தெரிஞ்சுதான் சொல்றேன்."

வளைகாப்பன்று அக்காவுக்குச் சந்தனம் பூச ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே கேமரா கண்ணை மூடிவிட்டது. ஃபிளாஷ் அடித்தால் செல் இத்தனை வேகமாகத் தீரும் என்று நான் படித்த எதிலும் இல்லை. (இருந்திருக்கும். நான் ஜூமைத் தாண்டிப் போயிருக்க மாட்டேன்.) ஆனாலும் எனக்குப் பதற்றமே இல்லை. இதற்காகத்தானே பென்சில் செல்! தீர்ந்துபோன இரண்டையும் உருவிக் கையில் எடுத்துக்கொண்டு தெருமுனைப் பெட்டிக்கடைக்கு ஓடினேன்.

"இதே மாதிரி ரெண்டு குடுங்கண்ணா."

"இன்னாத்துக்கும்மா? ரிமோட்டா, கடியாரமா?"

"கேமராவுக்கு."

"அல்லாத்துக்கும் ஒரே செல்லுதாம்மா. எத்த வேணா எடுத்துக்கோ."

திரும்பி வந்து செல்லைப் போட்டதும் கேமரா தேதி கேட்டது. செல் இல்லாத நேரத்தில் அதன் கடிகாரம் எல்லாவற்றையும் மறந்துவிட்டிருந்தது. 01.01.2006 என்று தானாகவே ஒரு தேதியைப் போட்டு, சரிதானே என்று என்னைப் பார்த்தது. ஓர் அம்மாள் வளையலை அக்காவின் கையில் பாதி ஏற்றி நிறுத்திக்கொண்டு, "சீக்கிரம் புடிம்மா, எவ்ளோ நேரம் சிரிச்சிகினே நிக்கிறது?" என்று அவசரப்படுத்தினார். நான் ஓகேயை அழுத்தினேன். அந்தச் செல்களும் சீக்கிரமே தீர்ந்தன. மறுபடி பெட்டிக்கடை, மறுபடி அதே கேள்வி, மறுபடி ஓகே. பிப்ரவரி முப்பதைப் பிடிக்கத் தெரிந்தவள் ஜனவரி ஒன்றைக் கோட்டை விட்டேன்.

படங்கள் உண்மையிலேயே நன்றாக வந்திருந்தன. யார் கண்ணை மூடியிருக்கிறார்கள், யார் தலை வெட்டுப்பட்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதி விழுந்திருக்கிறதா என்றும் பார்த்தேன். என்ன தேதி என்று பார்க்கவில்லை.

வளைகாப்பு முடிந்து அக்கா தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அவளைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தார். கூடவே பெருங்களத்தூரில் இருக்கும் அவருடைய அக்காவும் வந்தார். நாங்கள் பெரியம்மா என்போம். பெரியம்மா காதில் போட்ட சேதி, அவர் பஸ் ஏறுவதற்குள் ஊர் போய்ச் சேர்ந்துவிடும். நான் ஆல்பத்தையும், ஃபிரேம் போட்ட பெரிய படம் ஒன்றையும் கொண்டுவந்து வைத்தேன். அத்தைக்கு வாயெல்லாம் பல்.

"இன்னா பொண்ணு, மூலையில ஏதோ நம்பரு கீது?" என்றார் பெரியம்மா.

"அது தேதி பெரியம்மா. என் கேமராவுல தானாவே விழும்."

கண்ணாடியை எடுத்து மாட்டினார். "ஒண்ணு... ஒண்ணு... ரெண்டாயிரத்தி ஆறு." சற்று யோசித்தார். "நம்ம புள்ளைக்குக் கல்யாணம் ஏழுலதானே? வளைகாப்பு ஆறுலயா?"

காபி கொண்டுவந்த அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"அது கேமரா தப்பு பெரியம்மா! வளைகாப்பு போன மாசம்தானே நடந்துச்சு!"

"நமக்குத் தெரியும். நாளைக்கு வூட்டுக்கு வந்து இத்தப் பாக்கறவங்களுக்குத் தெரியுமா? அவசர அவசரமா கல்யாணம் பண்ணி வெச்சாங்கன்னுதானே பேசுவாங்க? மிஷினு பொய் சொல்லுமா?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். கண் கலங்கியிருந்தது. என்னை நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என் ஜம்பத்துக்கு அவள் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்ததைத்தான் பார்க்க முடியவில்லை.

கேமராவை எடுத்து வந்தேன். செல்லை உருவினேன். எல்லோரும் காபி குடித்து முடித்த பிறகு மறுபடி போட்டேன். அத்தையையும் பெரியம்மாவையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரச் சொல்லி ஒரு படம் எடுத்து, திரையில் காட்டினேன். "பாருங்க பெரியம்மா. இப்ப எடுத்ததுக்கும் ரெண்டாயிரத்தி ஆறுன்னுதான் போடுது."

பெரியம்மா திரையைக் கண்ணருகே கொண்டுபோனார். முகம் மாறியது. "ஐயய்ய! ஆறுல எனக்கும் இவளுக்கும் பேச்சு வார்த்தையே கிடையாதே! நெலத் தகராறுல இவ மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிகினு இருந்தேன். இதுல பக்கத்துல குந்திகினு சிரிச்சிகினு கீறேன்! அழிடி, மொதல்ல இத்த அழி!"

அத்தை நிதானமாகக் கேட்டார். "ஏன்க்கா அழிக்கணும்? மிஷினு பொய் சொல்லாதுன்னியே?"

"சொல்லும், சொல்லும். நல்லாவே சொல்லும். பேஜாரு புடிச்ச மிஷினு!"

முதலில் சிரித்தது அக்காதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

"புவனா, உன் ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்துட்டு வா" என்றார் அத்தை. உட்கார்ந்து, படம் படமாகப் புரட்டி, ஒவ்வொரு தேதியின் மேலும் வரிசையாகப் பொட்டு ஒட்டினார். நான் புதிதாக வாங்கி வைத்திருந்த அட்டை முழுவதும் காலி. பெரியம்மா ஆல்பத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் மங்களகரமா கீது" என்று சொல்லிவிட்டார். அவரே சொல்லிவிட்ட பிறகு ஊரில் யார் என்ன பேச முடியும்?

அக்கா மகன் நவீனுக்கு இப்போது பதினாறு வயது. சமீபத்தில் குன்றத்தூர் போயிருந்தபோது, தன் அப்பாவின் பைக் சாவியைக் கேட்டு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தான். பதினெட்டு முடியாமல் சாவியைத் தொடக்கூடாது என்று அக்கா வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவன் உள்ளே போய் ஆல்பத்தை எடுத்து வந்தான். ஒரு படத்திலிருந்த பொட்டை நகத்தால் பெயர்த்தான். ஆரஞ்சு எண்கள் அப்படியே பளிச்சென்று இருந்தன.

"இதன்படி எனக்குப் பதினெட்டு எப்பவோ முடிஞ்சிடுச்சுப்பா. சித்தி எடுத்த ஃபோட்டோ. ஆதாரம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஃபேனைப் பார்த்தேன். அத்தை எழுந்து வந்து, தன் நெற்றியிலிருந்த பொட்டை எடுத்து அந்தத் தேதியின் மேல் வைத்துக் கட்டை விரலால் அழுத்தினார்.

"நெஜமாவே பதினெட்டு ஆவட்டும்டா. நானே இந்தப் பொட்ட எடுத்து வுடறேன்."