தட்டில் வைத்தால் தானே நிரம்பும் போன்

சுன்சோன் மீன் சந்தைக்குப் பின்தெருவில் இருக்கும் தங்கை மல்சுன்னுக்கு, குர்யே மலையடியிலிருந்து உன் அக்கா கில்ரே எழுதிக்கொண்டது.

இங்கே என் இடது முட்டியைத் தவிர எல்லாரும் சௌக்கியம். அங்கே உன் வாயைத் தவிர மற்ற எல்லா உறுப்புக்கும் ஓய்வு கிடைத்து நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் வீட்டுக்காரருக்குப் புதுப் பல்செட் பொருந்தியதா? எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நீ ஏழு வயதில் பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்தை நான் அறுபத்து நான்கு வயதில் ஊர்ப் பொதுமண்டபத்தில் உட்கார்ந்து படித்தேன். அது ஏன் என்று உனக்கும் தெரியும், செத்துப்போன அப்பாவுக்கும் தெரியும். அந்தப் பேச்சை இந்தக் கடிதத்தில் நான் எடுக்கப்போவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை எதிர்வீட்டு ஹாதோங்காரி கண்மருந்து வாங்க உங்கள் ஊருக்கு வந்தவள் உன்னைச் சந்தையில் பார்த்தாளாம். "பதினோரு தடவை போன் பண்ணிட்டேன், எங்க அக்கா எடுக்கவே இல்ல. வேணும்னேதான் எடுக்கல. இந்த வருஷம் கிம்ச்சி போட நான் போகமாட்டேன், அவளே போட்டு அவளே தின்னட்டும்" என்று நீ கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாயாம். ஹாதோங்காரி அதைத் திரும்பி வந்து என் காதில் சொல்லவில்லை. மண்டபத்தில் பன்னிரண்டு பெண்கள் பூண்டு உரித்துக்கொண்டிருந்த நடுவில், உன்னை மாதிரியே கையை ஆட்டிச் சொன்னாள். நாற்பத்தோரு வருஷமாக என் வீட்டு முற்றத்தில்தான் நாம் இரண்டு பேரும் சேர்ந்து குளிர்காலத்துக்குக் கோஸ் ஊறுகாயான கிம்ச்சி போடுகிறோம். நாம் பேசிக்கொள்ளாத அந்த இரண்டு வருஷமும்கூட நீ வந்தாய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து மிளகாய்ச் சாந்து தடவினாய். இப்போது நூற்று இருபது கோஸ் தோட்டத்தில் நிற்கிறது. வருகிற சனிக்கு அடுத்த சனி நாள் குறித்தாகிவிட்டது. உப்பில் ஊறின இறால் ஜாடி உன் வீட்டில் இருக்கிறது. நீ வராமல் நான் என்ன செய்வேன்? ஹாதோங்காரியைக் கூப்பிட்டு உட்காரவைக்கச் சொல்கிறாயா? அதற்குப் பதிலாக நான் கோஸையெல்லாம் பன்றிக்குப் போட்டுவிடுவேன்.

ஆகவே ஏன் நான் போனை எடுக்கவில்லை என்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டுக் கோபப்படு.

சூசக் அறுவடைப் பண்டிகை அன்று காலையில் நீ கூப்பிட்டாய். அது உனக்கு நினைவிருக்கும். "போன வருஷக் கிம்ச்சி உப்பு ஜாஸ்திக்கா, இந்த வருஷம் உப்பு நான் போடறேன்" என்றாய். முன்னோருக்குப் படையல் வைத்துவிட்டுக் குனிந்து கும்பிடப் போகிற நேரத்தில் சொன்னாய். நான் ஏதாவது பதில் பேசினேனா? "சரிடி" என்று வைத்துவிட்டேன். என் மனதில் ஒன்றும் இல்லை. மருமகள் மிஜங் பக்கத்தில்தான் இருந்தாள், அன்றைக்கு அத்தை எவ்வளவு அமைதியாக இருந்தாள் என்று அவளையே கேள். அன்று மத்தியானம் பெரியவன் தேசிக் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். உள்ளே வெள்ளையாக, வட்டமாக, ஒரு அரிசிப் பணியாரம் அளவுக்கு ஒரு தட்டு. "அம்மா, இனிமே அந்த வயர் ஓட்டையைத் தேடித் தேடிக் கண்ணு வலிக்கவேண்டாம். இது மேல போனை வச்சாப் போதும், தானே நிரம்பிக்கும். லேசா சூடாகும், பயந்துராத" என்று தன் போனை வைத்துக் காட்டினான். விளக்கு எரிந்தது. நானும் பார்த்தேன். அதற்குள் நெடுஞ்சாலையில் நெரிசல் வந்துவிடும் என்று காரில் ஏறிப் போய்விட்டான். என் போனை வைத்துப் பார்த்தானா? இல்லை. அவன் அப்பாவும் அப்படித்தான், நெல் உலர்த்தும் இயந்திரம் வாங்கிக் கொடுத்துவிட்டு எங்கள் வீட்டில் அதற்கேற்ற மின்சாரம் இருக்கிறதா என்று பார்க்காத மனிதர்.

தட்டை அலமாரிக்கு மேலே பத்திரமாக வைத்துவிட்டு நான் பழைய வயரிலேயே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். பனி விழ ஆரம்பித்ததும் கோஸின் வெளி இலைகளைச் சேர்த்துக் கட்டவேண்டுமே, இல்லாவிட்டால் உள்குருத்து கருகிப்போகும். இந்தக் காலத்து அறுவடை இயந்திரம் வைக்கோலைத் தூள் தூளாக்கித் துப்பிவிடுகிறது, கட்ட ஒரு நீள வைக்கோல் கிடைப்பதில்லை. கடைசி வரிசையில் இரண்டு கோஸுக்குக் கயிறு போதவில்லை. வீட்டுக்குள் வந்து பார்த்தேன். தட்டு வந்துவிட்டது, இனி வயர் எதற்கு? எடுத்துக்கொண்டு போய் நடுவில் அறுத்து இரண்டு கோஸையும் கட்டினேன். கட்டு நன்றாகத்தான் நின்றது, நீ வந்து பார்.

அன்று சாயங்காலம் போனைத் தட்டில் வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. தட்டுக்கும் ஒரு வால் இருந்தது, அதைச் சுவரில் சொருகவேண்டும் என்று யார் சொன்னது? வயரில்லாதது என்றுதானே சொன்னான்! வாலைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டுவைத்திருந்தேன். விடியும்வரை தட்டு தட்டாகவே கிடந்தது, போன் போனாகவே கிடந்தது. அப்புறம் எனக்கு ஒரு யோசனை வந்தது. லேசாகச் சூடாகும் என்று சொன்னான் அல்லவா? அப்படியானால் சூடுதானே உள்ளே போகிறது? சூட்டுக்கு என் வீட்டில் என்ன பஞ்சம்? கொதிகலனைப் போட்டால் தரைக்கடியில் வெந்நீர் ஓடி அந்த உள்மூலை பாதம் பொசுங்குகிற மாதிரி சுடும். அப்பா சந்தையிலிருந்து வர நேரமாகும்போது அம்மா அவருடைய சோற்றுக் கிண்ணத்தைப் போர்வையில் சுற்றி எங்கே வைப்பாள்? அங்கேதான். நானும் போனைத் துண்டில் சுற்றி, அந்த மூலையில், சோயாப் பயறு நொதிக்க வைத்திருந்த கூடைக்குப் பக்கத்தில் வைத்து, மேலே மெத்தைப் போர்வை போட்டுக் கொதிகலனை இரண்டு புள்ளி ஏற்றிவைத்தேன். பூனையும் போய் அதன்மேல் படுத்துக்கொண்டது. நல்லது, இன்னும் கொஞ்சம் சூடு என்று விட்டுவிட்டேன். மறுநாள் எடுத்துப் பார்த்தால் போன் அப்பளம் மாதிரி சுட்டது, நொதித்த பயறு நாற்றம் அடித்தது, இருந்த கொஞ்ச உயிரும் போய்த் திரை கறுத்துக் கிடந்தது. பயறு மட்டும் அருமையாக நொதித்திருந்தது. உனக்கு ஒரு உருண்டை எடுத்துவைத்திருக்கிறேன்.

பிறகு தட்டையும் வாலையும் மண்டபத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே தலைவியம்மா வாலைச் சுவரில் சொருகினாள். என் போனை வைத்தோம், இல்லை. குப்புற வைத்தோம், இல்லை. ஒருத்தி தட்டிப் பார்க்கச் சொன்னாள், ஒருத்தி தண்ணீர் தொட்டுத் துடைக்கச் சொன்னாள். அப்போது ஹாதோங்காரி, "நகருங்கக்கா, நான் வச்சுப் பாக்கறேன்" என்று தன் போனை வைத்தாள். வைத்ததும் டிங் என்று ஒரு சத்தம், பச்சை விளக்கு. பன்னிரண்டு பேரும் "ஆ" என்றார்கள்.

"தட்டு ஆள் பாத்துத்தான் குடுக்கும்போல இருக்குக்கா" என்றாள் அவள்.

"உன் போனுக்குப் பசி ஜாஸ்தி, அதான் விழுந்தடிச்சுத் தின்னுது" என்றேன்.

"எம் பொண்ணு வாங்கிக் குடுத்ததுக்கா. மேல்ரகம்."

இவள் இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் என் பெரிய பீங்கான் தட்டை இரவல் வாங்கி விளிம்பை உடைத்துத் திருப்பிக் கொடுத்தவள். என் தட்டில் அவள் போன் நிறைவதைப் பார்த்துக்கொண்டு நான் பூண்டு உரித்தேன்.

தலைவியம்மாதான் என் போனின் உறையைக் கழற்றச் சொன்னாள். தடித்த தோல் உறை. அதற்குள் பஸ் அட்டை, விரல் மாட்ட இரும்பு வளையம், கோயிலில் கொடுத்த மஞ்சள் தாள், உன் கல்யாண போட்டோ. உறை தடியாக இருந்தாலும் நடுவில் இரும்போ அட்டையோ இருந்தாலும் தட்டுக்கு ஆகாதாம், பஸ் அட்டையே கெட்டுப்போகுமாம். எல்லாவற்றையும் உரித்துப் போனை அம்மணமாக, சரியாக நடுமையத்தில் வைத்தோம். அப்போதும் இல்லை. அங்கே சிரித்தவர்களின் பெயர் வரிசையாக எனக்குத் தெரியும்.

மறுநாள் பஸ் ஏறிக் கடைவீதிக்குப் போனேன். போன் கடை வைத்திருக்கிற பியன் என்கிற பையன் இருக்கிறானே, அவன் திருப்பிப் பார்த்து, தட்டிப் பார்த்து, மோந்தும் பார்த்தான்.

"பாட்டி, இதுக்கு அந்த வசதியே கிடையாது."

"ஏன் கிடையாது? இதுவும் போன்தானே?"

"போன்தான். ஆனா வயரில்லாம ஏத்திக்கணும்னா உள்ள முதுகுப் பக்கம் கம்பிச் சுருள் ஒண்ணு இருக்கணும். தட்டுக்குள்ள ஒரு சுருள், போனுக்குள்ள ஒரு சுருள், ரெண்டும் நேருக்கு நேரா நின்னாத்தான் கொடுக்கல் வாங்கல். விலை ஜாஸ்தியான போன்ல அதை வச்சிருப்பாங்க. பெரும்பாலும் முதுகு கண்ணாடியா இருக்கும், தகரம்னா உள்ள போகாது. உங்களோடது பெரிய எழுத்து போட்டு வயசானவங்களுக்குன்னு வர்றது. பிளாஸ்டிக் முதுகு."

"பிளாஸ்டிக் வழியாப் போகாதா?"

"போகும் பாட்டி. உள்ள வாங்கிக்க ஆள் இல்லையே."

"அப்ப கண்ணாடி முதுகு இருந்தா எல்லாத்துக்கும் ஆகுமா?"

"அதையும் நம்பிர முடியாது. கண்ணாடி முதுகை வச்சுட்டு உள்ள காலியா இருக்கிற போனும் உண்டு. மாடல் பேரைச் சொல்லி விசாரிச்சுட்டுத்தான் தட்டு வாங்கணும். உங்க மகன் விசாரிக்கலையா?"

"என் மகன் என்னையே விசாரிக்கிறதில்ல, போனை எங்க விசாரிக்கப் போறான்?"

பியன் சிரித்துவிட்டு, முதுகில் ஒட்டிக்கொள்ளும் ஒரு மெல்லிய தாள் இருக்கிறது, அதற்குள் சுருள் உண்டு, அதன் வாலைப் போனின் கீழ் ஓட்டையில் சொருகிவிட்டால் தட்டில் வைக்கலாம் என்றான். வயரில்லாமல் இருக்க இன்னொரு வாலா? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வெறும் வயர் ஒன்று கொடுத்து அங்கேயே சொருகினான். பத்து நிமிஷத்தில் போனுக்கு உயிர் வந்தது. வந்ததும் நான் முதலில் பார்த்தது யார் யார் கூப்பிட்டார்கள் என்றுதான். மகன் நான்கு தடவை. சுகாதார நிலையம் இரண்டு. கடன் தருகிறேன் என்று ஒருத்தன் ஒன்பது. உன் பெயர் ஒன்றுகூட இல்லை மல்சுன். பதினோரு தடவை என்றாயே, ஒன்றுகூட இல்லை. நான் உன்னைப் பொய்க்காரி என்று எழுதவில்லை. ஹாதோங்காரியிடம் சொல்லும்போது ஒன்று பதினொன்றாகியிருக்கலாம், அல்லது போன் செத்துக் கிடந்தபோது நீ கூப்பிட்டது வழியில் எங்கேயாவது தொங்கிக்கொண்டிருக்கலாம். பெரிய மனது பண்ணி இரண்டாவதைத்தான் நம்புகிறேன்.

ஆக, தப்பு உன்மேலும் இல்லை, என்மேல் சுத்தமாக இல்லை. தட்டின்மேலும், போனைத் திருப்பிப் பார்க்காமல் தட்டு வாங்கின என் மகன்மேலும்தான். போன் சரியான பிறகு நானே உன்னைக் கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்பாய். மூத்தவள் முதலில் கூப்பிடுவது நம் வீட்டில் எப்போது நடந்தது? என் வெள்ளை ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய் ஒன்றை ஆற்றில் விட்டுவிட்டு வந்தாயே, அப்போதுகூட நீதான் முதலில் பேசினாய். ஆகையால் இறால் ஜாடியோடு நாள் குறித்த அந்தச் சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வந்து சேர். கோஸை வெள்ளிக்கிழமையே வெட்டி உப்பில் போட்டுவிடுவேன். உப்பு நான்தான் போடுவேன், அதில் பேச்சே கிடையாது.

உன் வீட்டுச் சோற்றுப்பானை நிறைந்திருக்கட்டும், உன் முட்டி மடங்கட்டும், உன் வீட்டுக்காரரின் பல் கழன்று விழாமல் இருக்கட்டும். நமக்கு முன்னே போனவர்கள் எல்லாரும் மேலேயிருந்து உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும், அப்பாவைத் தவிர. அவர் உன்னைப் பார்த்தது போதும்.

இப்படிக்கு,
உன் அக்கா கில்ரே

பி.கு.: தபால்தலை ஒட்டின பிறகு இதை எழுதுகிறேன். மருமகள் மிஜங் ரப்பர் கையுறையெல்லாம் வாங்கிக்கொண்டு முன்னாலேயே வந்துவிட்டாள். உன் பதினோரு அழைப்பைச் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "அத்தை, சின்னத்தை நம்பரை நீங்கதானே தடுத்து வைக்கச் சொன்னீங்க?" என்றாள். யார் சொன்னது, எப்போது சொன்னது என்று கேட்டேன். "சூசக் அன்னிக்குக் காலையில. 'இவ குரல் இனிமே என் வீட்டுக்குள்ள வரக்கூடாது'ன்னு போனைத் தூக்கி என் மடியில போட்டீங்க. ரெண்டு நாள்ல நீங்களே எடுக்கச் சொல்வீங்கன்னு நெனச்சேன்" என்கிறாள். எனக்கு அந்தச் செருப்பு எந்த மதகுப் பக்கம் போச்சு என்பது நினைவிருக்கிறது, இது நினைவில்லை. ஆனால் அவள் எதையோ அழுத்தி ஒரு பட்டியலைக் காட்டினாள். தடுத்து வைத்த அழைப்பு எல்லாம் அதில் இருக்கிறது. எல்லாம் நீதான். பதினொன்று இல்லை, பதினான்கு. முதலாவது அந்தச் சூசக் அன்றே சாயங்காலம். மூன்றை ஏன் குறைத்துச் சொன்னாய்?

கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன், இத்தனை பக்கம் எழுத எனக்கு மூன்று நாள் ஆயிற்று, மனசு வரவில்லை. தட்டைப் பற்றி எழுதியதெல்லாம் நிஜம். தடுப்பை எடுத்தாகிவிட்டது, போன் வயரோடு ஜன்னலோரம் இருக்கிறது, கூப்பிட்டால் அடிக்கும். ஹாதோங்காரியிடம் இதைச் சொல்லாதே.

வெள்ளிக்கிழமையே வந்துவிடு, உப்பு நீயே போடு. நான் பக்கத்தில் உட்கார்ந்து உன் கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.