ஓதிலியாவின் வரலாற்றுக் கூரை

தலைவர் நாட்டின் ஆட்சிக்கு வந்து முப்பது ஆண்டுகள் நிறைவதை முன்னிட்டு, அவர் ஏன் வந்தார் என்பதற்கான காரணங்களைத் தெருவாரியாகத் திரட்டி அனுப்பும்படி ஹவானாவிலிருந்து சுற்றறிக்கை வந்தது. தெருவுக்கு ஒரு காரணம். குறையவும் கூடாது, கூடவும் கூடாது.

எங்கள் மலையூரில் கரும்பு உண்டு, மழை உண்டு. காரணத்துக்கு எங்கே போவது? தெருக்குழு கூடியது. அவரவர் நாற்காலியை அவரவர் தூக்கிக்கொண்டு வந்தோம். மக்களின் வீரம் என்றார் ஒருவர். அதை மேட்டுத் தெரு முன்பே எழுதிக் கொடுத்துவிட்டதாம். பணக்காரர்களின் கொடுமை என்றார் இன்னொருவர். அது ரொட்டிக்கடைத் தெருவுக்கு ஒதுக்கியாகிவிட்டது. காரணங்கள் பிரிவின் துணை ஆய்வாளர் தோழர் எவரார்தோ, ரேஷனில் தரும் பட்டாணி கலந்த காபியை உறிஞ்சியபடி வருத்தத்தோடு தலையாட்டினார்.

அப்போதுதான் எதிர்வீட்டு ஓதிலியா எழுந்தாள். அவள் வந்தது காரணம் சொல்ல அல்ல. கூரைக்கு நாலு தகரம் கேட்டு அவள் கொடுத்த மனு ஆறு வருஷமாக அலுவலகத்தில் ஓய்வெடுக்கிறது. மகள் நிவியாவுக்கோ எட்டாம் மாதம். பிள்ளை பிறக்கும்போது மழை வீட்டுக்கு வெளியே பெய்ய வேண்டும் என்பது அவள் கவலை.

"தோழரே, இந்தக் கூரை பழைய அரசாங்கத்துலயே ஒழுகுச்சு," என்றாள். "பதினோரு தடவை ஆபீசுக்கு நடந்தேன். நாளைக்கு வா, நாளைக்கு வான்னே சொன்னாங்க. அப்பதான் நம்ம தலைவர், அந்தத் தாடிக்காரர், மலையிலேருந்து இறங்கி வந்தார். எங்க வீட்டுக்குள்ள நின்னே நனைஞ்சார். 'என்கூட வாங்க, இனி இது ஒழுகாது'ன்னார். இவ கைக்குழந்தை. எம் புருஷன் இவளை என் மடியில போட்டுட்டு அவர் பின்னால போனவர்தான். திரும்பி வரல."

கருணை மாதாவை நினைத்து, யாரும் பார்க்காதபடி சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டேன். எவரார்தோவின் கண் கலங்கியது.

"கெடைச்சிருச்சு," என்றார் மெதுவாக. "ஒழுகும் கூரை. எந்தத் தெருவுக்கும் ஒதுக்காத காரணம்."

"அப்ப தகரம்?"

"வரலாறு ஆயிருச்சேம்மா. இனி அதுல யாராவது கை வைக்க முடியுமா?"

உடனே தீர்மானம் வாசித்தார். 'புரட்சிக்கு வித்திட்ட மேற்படி கூரையை, மேற்படி ஓட்டைகளுடன், தேசத்தின் சொத்தாக...' எங்கள் தெருவில் தீர்மானம் என்ற சொல் காதில் விழுந்ததுமே கை மேலே போய்விடும். முழுதும் கேட்டுவிட்டுத் தூக்கினால் யோசித்தவள் என்று பெயர் வரும். எல்லாக் கையும் உயர்ந்தது. என் கையும்தான். திரும்பிப் பார்த்தால் ஓதிலியாவின் கையும்.

"பழக்கம்டி," என்றாள் பிறகு என்னிடம், அந்தக் கையையே முறைத்தபடி.

மறுவாரம் நான்கு பேர் ஏணியோடு வந்து ஓட்டைகளை எண்ணினார்கள். பதினேழு. நிவியா ஒன்றில் பழந்துணி அடைத்து வைத்திருந்தாள். வரலாற்றைத் திரித்ததாக எச்சரித்து, துணியைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். வாசலில் இரும்பில் ஒரு நினைவுப் பலகை நட்டார்கள். முதல் மழையிலேயே அது துருப்பிடித்தது. மறுநாளே லாரியில் எட்டுப் புதுத் தகரம் வந்து இறங்கியது, பலகை நனையாமலிருக்கப் பந்தல் போட.

ஓதிலியா கட்டிலை இழுத்துவந்து பலகைக்குப் பக்கத்தில், பந்தலுக்கு அடியில் போட்டாள். நிவியாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்தத் தெருவாசலில்தான் வளர்ந்தது.

ஒரு மழைநாளில் எவரார்தோ வந்தார். நாங்கள் பத்துப் பேர் அந்தப் பந்தலில்தான் ஒதுங்கி நின்றோம். திட்டுவார் என்று பயந்தேன். ஆனால் அதற்குள் ஓதிலியா, குழந்தையைத் தட்டிக்கொண்டே, ஒரு பாவமும் அறியாதவள் போலக் கேட்டாள்:

"எனக்கு ஒரு சந்தேகம் தோழரே. கூரை ஒழுகுனதாலதானே அவர் வந்தார்? காரணத்தை இவ்வளவு பத்திரமா வச்சிருக்கோமே, காரியம் மறுபடி நடந்துறாதா?"

எவரார்தோவின் முகம் வெளுத்தது. ஒழுகும் கூரையைப் பார்த்தார். பிறகு எங்களோடு நின்ற இளைஞர்களின் மோவாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். குடையை மறந்துவிட்டு ஓடினார்.

மாதாவே, இந்தத் தடவை தகரம் வந்துவிடும் என்று மெழுகுவத்தி ஏற்றினேன். பத்தாம் நாள் லாரி வந்தது. நிறைய சவர பிளேடு. ஐந்து வருஷமாக ரேஷனில் கிடைக்காத பிளேடு.

அன்று மாலையே தெருக்குழு கூடியது. "தீர்மானம்," என்று தொடங்கினார் எவரார்தோ. 'தேசப் பாதுகாப்பை முன்னிட்டு, இத்தெருவில் எவரும் தாடி வளர்ப்பதில்லை என...' அதற்குள் எல்லாக் கையும் உயர்ந்தாயிற்று. ஒரே ஒரு கைதான் குறைந்தது. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

ஓதிலியா அக்கம்பக்கம் பார்த்தாள். பிறகு அந்தச் சின்னக் கையைப் பிடித்து மெல்ல மேலே தூக்கிவிட்டாள்.