மாதா வந்த அன்று நான் வெட்டிய சுவர்

"சனிக்கிழமை, காலை 10.12: எரிகிறது. 10.12: எரியவில்லை. 10.12: எரிகிறது."

என் குறிப்பேட்டில், என் கையெழுத்தில், அடிக்கோடிட்டு உள்ள பதிவு இது. எழுதும்போது எனக்கு நாற்பத்தாறு வயது. (வெறும் தேநீர்தான் குடித்திருந்தேன்.)

அன்று மாலை லொங்குய்ய் நகரில் உள்ள எங்கள் வீட்டுக்கு மாதா வருவதாக இருந்தது. எங்கள் தேவாலயப் பங்கின் தமிழ்க் குடும்பங்களிடையே மாதா சொரூபம் வீடு வீடாகச் செல்லும். வரும் நாளில் முப்பது பேர் கூடிச் செபமாலை சொல்லிச் சாப்பிடுவார்கள். எங்கள் முறைக்காக என் மனைவி யசிந்தா இரண்டு வருடம் காத்திருந்தாள். ஆனால் இரண்டு சோற்றுக் குக்கர்களை ஒன்றாகப் போட்டால் எங்கள் சமையலறையே அணைந்துவிடும். எந்தப் பிளக் எந்தப் பிரேக்கரில் என்று தெரிந்தால் பிரித்துப் போடலாம். பிரேக்கர் பெட்டியில் வீட்டின் முந்தைய உரிமையாளர் பிரெஞ்சில் பென்சிலால் எழுதியவை அழிந்திருந்தன. ஆகவே வரைபடம் தயாரிக்கும் பொறுப்பை நானே ஏற்றேன். (யாரும் கேட்கவில்லை.)

நான் நிலக்கீழ் அறையில் பிரேக்கர்களை ஒவ்வொன்றாக நிறுத்துவேன். யசிந்தா மேலே ஒவ்வொரு பிளக்கிலும் விளக்கைச் செருகிப் பார்த்துச் சொல்ல வேண்டும். மாதாவைச் சோடிக்க வாங்கிய வண்ண பல்புச் சரம் கைவசம் இருந்தது.

"எரியுதோ?"

"ஓம்... இல்லை... ஓம்!"

"ஒரு முடிவாச் சொல்லும்!"

"இஞ்சேருங்கோ, இது வந்து..."

"விளக்கம் வேண்டாம். ஓமோ, இல்லையோ?"

"ஓம். இல்லை. ஓம். இல்லை. போதுமோ?"

குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடிட்டேன். சுவருக்குள் எங்கோ கம்பி தளர்ந்து, தொட்டும் விட்டும் ஆடுகிறது! மாதா வரும் நாளில் வீடு தீப்பற்றப் போகிறது!

"மூண்டு மணிக்குக் குக்கரைப் போடுங்கோ" என்று சொல்லிவிட்டு, யசிந்தா மாதாவை அழைத்துவரப் போனாள். நான் பிரதான பிரேக்கரை நிறுத்தி (நான் கவனமான முட்டாள்) விறாந்தையின் ஜிப்சம் சுவரில் கத்தியை வைத்தேன். கம்பி கிடைத்தது. ஆரோக்கியமாகவே இருந்தது. நம்பாமல் அதன் பின்னாலேயே ஒன்பது அடி வெட்டிக்கொண்டு போனேன்.

ஆறு மணிக்குப் பாட்டோடு மாதா வாசலுக்கு வந்தார். உள்ளே வெளிச்சமில்லை, சோறில்லை, நான் மட்டும் சுவர்த் தூசியில் தலை முதல் கால் வரை வெள்ளையாக நின்றேன். சொரூபத்தை ஏந்தி வந்த றீற்றா அக்கா கேட்டார்:

"என்ன தம்பி, எலி பிடிக்கிறீரோ?"

ஆபத்தை விளக்கி, நிரூபிக்கப் பிரதான பிரேக்கரைப் போட்டேன். பிளக்கில் இருந்த சரம் எரிந்தது, அணைந்தது, எரிந்தது.

"தம்பி, இது விட்டு விட்டு மினுங்கிற லைற்றெல்லோ?"

யசிந்தாவைப் பார்த்தேன்.

"சொல்ல வந்தனான். விளக்கம் வேண்டாமெண்டீங்கள்."

மாதாவை ஓட்டைக்கு முன்னால் வைத்தோம். சொரூபம் இரண்டடி; ஓட்டை ஒன்பதடி. மன்றாட்டு நேரத்தில் பின்னால் யாரோ, "இந்த வீட்டுச் சுவருக்காகவும்" என்றார்கள். "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்ற முப்பது குரல்களும் நடுங்கின, பக்தியால் அல்ல. பிறகு எல்லோரும் பீட்சா சாப்பிட்டோம்.

இன்றும் மாதா எந்த வீட்டுக்குப் போனாலும், நான் உள்ளே நுழைந்ததும், "அண்ணையைச் சுவரோடை தனிய விடாதேங்கோ" என்று ஒரு குரல் வரும். இந்த வருடம் மாதா போகும் வீடுகளின் பட்டியலில் எங்கள் பெயர் இல்லை. தட்டச்சில் விட்டுப்போனதாக றீற்றா அக்கா சொல்கிறார். அது உண்மைதானா என்பதை என்னால் இன்னும் உறுதிப்படுத்த முடியவில்லை.