பஞ்சப்படியும் ஒரு நாட்டுக்கோழியும்

அரசு ஊழியர் சம்பளத்தை எப்படி நிர்ணயிக்கிறார்கள் என்பது இந்த நாட்டில் இரண்டே பேருக்குத்தான் முழுசாகத் தெரியும். ஒருவர் டெல்லியில் எங்கோ இருப்பதாகக் கேள்வி. இன்னொருவர் திருச்சுழி அரசு ஆபீஸில், என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய சொந்தப் பெயரைச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். ஆபீஸ், டீக்கடை, அருப்புக்கோட்டை பஸ், எங்கேயும் அவர் பஞ்சப்படிதான். விலைவாசி ஏறும்போது அரசு ஊழியருக்குச் சேர்த்துத் தருகிற அகவிலைப்படிக்குப் பழைய ஆட்கள் சொல்கிற பெயர் அது.

"சௌக்கியமாண்ணே?" என்று கேட்டால், "அடுத்த தவணை அறிவிக்கட்டும், சொல்றேன்" என்பார். நாட்டு விலைவாசியை எங்கோ மலைமேல் ஒரு குளிர்ந்த ஊரில் உட்கார்ந்து கணக்கிடுகிறார்கள் என்பது அவருக்குத் தீராத மனக்குறை. "சொட்டர் போட்டவனுக்கு நம்ம ஊரு வெயில் தெரியுமா தம்பி? ஒரு நாளைக்கு மூணு சர்பத்து குடிக்கிறோம். அதைக் கணக்குல சேத்தானா?" என்று என்னிடம் பாய்வார். நான்தான் சேர்க்காமல் விட்டவன் போல முழிப்பேன்.

கொரோனா வந்தது. பஞ்சப்படி உயர்வை நிறுத்திவைப்பதாக அறிவிப்பும் வந்தது. நாங்களெல்லாம் முணுமுணுத்துவிட்டு வேலையைப் பார்த்தோம். அவர் மட்டும், "அரசாங்கம் என்னைய நிறுத்திருச்சுல்ல? நானும் நிக்கிறேன்" என்று தன்னையே நிறுத்திவைத்தார். முடி வெட்டவில்லை. வீட்டுக் காலண்டரில் தாள் கிழிக்கவில்லை. பிறந்தநாளைக்குப் பாயசம் வைத்த மனைவியிடம், "வயசு நிறுத்திவைப்புல இருக்கு" என்று சொல்லிக் கிண்ணத்தைத் தள்ளினார். முடி தோளைத் தொட்டதும், மனு கொடுக்க வந்த பெரியவர் ஒருவர் இவரைச் சாமியார் என்று நினைத்துக் கும்பிட்டு, மகளுக்கு எப்போது கல்யாணம் கூடும் என்று குறி கேட்டார். பஞ்சப்படி கண்ணை மூடி யோசித்து, "நிதித்துறை ஒப்புதல் வேணும்" என்றார். பெரியவர் காணிக்கையாகப் பத்து ரூபாய் வைத்துவிட்டுப் போனார்.

ஒரு நாள் காலையில் இந்தப் போராட்டத்தின் தத்துவத்தை அவர் எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். பாண்டியம்மாள் கூட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். ஆபீஸைக் கூட்டித் தண்ணீர் பிடித்து வைப்பவர் அவர். தொகுப்பூதியம், அதாவது மாதா மாதம் ஒரே தொகை, படி கிடையாது, உயர்வும் கிடையாது.

"அந்தப் பஞ்சப்படிங்கிறது என்னா சார்?"

"வெலவாசி ஏறுச்சுன்னா சம்பளத்தையும் கூட்டிக் குடுப்பாகம்மா. அதத்தான் இப்ப நிறுத்திட்டாக."

"எனக்கு வேலைக்கு வந்த நாள்லருந்தே நின்னுதான கெடக்கு. ஒரு அறிவிப்பும் வரலையே சார்?"

பஞ்சப்படி கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். மத்தியானம் எழுந்து போனவர், முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தார். நேராக அலமாரியைத் திறந்து, பாண்டியம்மாளைப் படியும் உயர்வும் உள்ள காலமுறை ஊதியத்துக்குக் கொண்டுவரச் சொல்லும் கோப்பைத் தேடி எடுத்தார். அது வருஷக்கணக்காக ஜில்லா ஆபீஸுக்கும் எங்களுக்கும் நடுவே போய்வந்துகொண்டிருந்தது. பாண்டியம்மாள் ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம்தான் இருந்தது. அதற்குள் ஆணை வராவிட்டால் அந்தம்மாள் ஒரு உயர்வைக்கூடப் பார்க்காமலே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பஞ்சப்படி கணக்குப் போட உட்கார்ந்தார். ஊதியக் குழுக்காரர்கள் குறைந்தபட்சச் சம்பளத்தைச் சாப்பாட்டுத் தட்டிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பருப்பு, காய், பால், முட்டை, மீன், கறி, துணி என்று பட்டியல் உண்டு. அதில் புருஷன் முழு ஆள். பெண்டாட்டி முக்காலுக்குச் சற்று மேல். பிள்ளைகள் ஆளுக்கு அரையும் கொஞ்சமும். இதை அவர் வீட்டில் உற்சாகமாக விளக்கிய ராத்திரி, தட்டில் முக்கால்வாசிச் சோறுதான் விழுந்தது. "முக்கா ஆளு சமைச்சா முக்காச் சோறுதான் வரும்" என்று சொல்லிவிட்டு அவர் மனைவி எழுந்து போய்விட்டாராம்.

ஜில்லா ஆபீஸிலிருந்து அதிகாரி ஆய்வுக்கு வந்தார். பஞ்சப்படி கோப்பை நீட்டினார். "நிதி நிலைமை சரியில்லய்யா, பெறகு பாப்போம்" என்று அதிகாரி தள்ளி வைத்தார். அதற்காகவே காத்திருந்தவர் போலப் பஞ்சப்படி மேஜைக்கு அடியிலிருந்து ஒரு சாக்கை இழுத்தார். அரிசி, பருப்பு, கத்தரிக்காய், எண்ணெய், முட்டை, கருவாடு, ஒரு சுருள் துணி, எல்லாம் அதிகாரியின் மேஜைமேல் ஏறின. கடைசியாகக் கால் கட்டிய ஒரு நாட்டுக்கோழி. பஸ்ஸில் கண்டக்டர் அதற்கு டிக்கெட் கேட்டபோது, "இது ஊதியக் குழு ஆவணம்" என்று சொல்லிச் சமாளித்தாராம்.

"என்னய்யா இது, சந்தையா?"

"ஒரு குடும்பத்துக்கு வேணுமின்னு அரசாங்கமே சொன்னது அய்யா. இப்பப் பாண்டியம்மா வாங்குற சம்பளத்துக்குக் கட்டாததை ஒண்ணொண்ணா எடுக்குறேன், பாருங்க."

பாண்டியம்மாளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "என் அடுப்படியக் கொண்டாந்து ஆபீஸ்ல பரப்பிட்டீகளே சார்!"

பஞ்சப்படியின் காதில் அது விழவில்லை. கருவாட்டை எடுத்தார். முட்டையை எடுத்தார். துணியைப் பாதியாக மடித்தார். கோழியை எடுக்கப் போனபோது கால்கட்டு அவிழ்ந்தது. பட்டியலை விட்டு நீங்கக் கோழிக்குச் சம்மதமில்லை. முதலில் வருகைப் பதிவேட்டின் மேல் நின்று ஒரு சுற்றுப் பார்த்தது. அப்புறம் அதிகாரியின் மடிக்குத் தாவியது. அடுத்த நொடியில் அதிகாரி நாற்காலி மேல் நின்றார்.

"புடிங்கய்யா! கோழின்னா எனக்கு ஆகாதுய்யா!"

பாண்டியம்மாள் ஒரே எட்டில் அதைப் பிடித்திருப்பார். பஞ்சப்படி கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு, கோப்பையும் பேனாவையும் மேலே நீட்டினார். "பரிந்துரைக்கிறேன்னு ஒரு வரி அய்யா. கோழி ஒடனே இறங்கிரும்." அதிகாரி கீழே ஒரு பார்வை பார்த்தார். கோழி நாற்காலிக் கால் பக்கம் வந்துகொண்டிருந்தது. நின்ற நிலையிலேயே கையெழுத்துப் போட்டார். பஞ்சப்படி தேதியையும் போடச் சொன்னார்.

அப்புறம் அந்தக் கோப்பு சென்னைக்குப் போனது. எங்களுக்கு நிறுத்திவைத்திருந்த உயர்வுகூட அதற்கு முன்னால் வந்துவிட்டது. பாண்டியம்மாளுடைய ஆணை வரவில்லை. பஞ்சப்படி வாரம் ஒரு நினைவூட்டுக் கடிதம் எழுதினார். அவருக்குத் தபால்தலை வாங்கியே எனக்குக் கால் தேய்ந்தது. பாண்டியம்மாள் ஓய்வு பெற ஏழு மாதம் இருக்கும்போது ஆணை வந்தது.

அடுத்த மாதம் சம்பளச் சீட்டு வந்த அன்று, பாண்டியம்மாள் அதை முந்தானையில் துடைத்துவிட்டுப் பஞ்சப்படியிடம் கொடுத்தார். "வாசிச்சுச் சொல்லுங்க சார்." அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அர்ச்சனைச் சீட்டு வாசிக்கும் ராகத்தில் ஒவ்வொன்றாக வாசித்தார். அடிப்படைச் சம்பளம். பஞ்சப்படி. வீட்டு வாடகைப்படி. மருத்துவப்படி.

"அந்த ரெண்டாவதை மட்டும் இன்னொருக்கா வாசிங்க சார்."

வாசித்தார். பாண்டியம்மாள் இன்னொரு முறை கேட்டார். அவரும் வாசித்தார். மூன்றாவது தடவை கேட்டபோது 'பஞ்ச' என்பதோடு வாசிப்பை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் இல்லாத ஒரு கோப்பைத் தேடுகிற மாதிரி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

அவரைக் கிண்டலடித்தே என் சர்வீஸில் பாதி கழிந்தது. அன்றைக்கு மட்டும் வேறு யாராவது அவரைக் கிண்டல் செய்திருந்தால், சத்தியமாக நான் கை நீட்டியிருப்பேன்.